அரைப்படக்காரர்கள்

ஆனக்கல்மேடு
13 ஜூலை 1986, ஞாயிறு

அடியே விலாசினி,

சுகமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்க எனக்கு இப்போது பொறுமை கிடையாது. நேற்று முரிக்கடவு ஜூபிலி டாக்கீஸில் ‘கறுத்த குடைக்காரி’ பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பார்த்துவிட்டு என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. முக்கால் படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீ மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. இங்கே ஒரு துரும்பு அசையவில்லை. சனிக்கிழமை மலையிலிருந்து மிளகும் ஏலமும் சந்தைக்குக் கொண்டு இறங்குகிறோம், விற்கிறோம், கருவாடு வாங்குகிறோம், மாட்னிக்கு ஓடுகிறோம். அதுதான் அன்றைக்கு முதல் ஆட்டம். படம் முடியக் கால்மணி நேரம் இருக்கும்போது அந்தப் பாழாய்ப்போன ‘ஜோஸ்மோன்’ பஸ் எதிரே ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஹார்ன் அடிக்கிறது. ஆனக்கல்மேட்டுக்குக் கடைசி வண்டி. அதை விட்டால் யானை நடமாடுகிற பாதையில் மேலே நடக்க வேண்டும். உடனே நாங்கள் நாற்பது பேரும் கருவாட்டுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடுகிறோம். முரிக்கடவுக்காரன்கள் பின்னாலிருந்து கத்துகிறான்கள். “அரைப்படம் எல்லாம் எந்திரிச்சாச்சு! மறைக்காம குனிஞ்சு போங்கடா!” இப்போது சந்தையிலும் அதுதான் எங்களுக்குப் பேர். மீன்காரன்கூட, “என்ன அரைப்படம், மத்தி வேணுமா?” என்கிறான்.

படத்துக்கு வருகிறேன். பவானி என்று ஒரு தோணிக்காரன் மகள். கறுப்புக் குடை இல்லாமல் வெளியே வரமாட்டாள். புருஷன் பம்பாய்க்குப் போய் எட்டு வருஷம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, இன்னொருத்தியையும் ஒரு குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்குகிறான். வெட்கமே இல்லாமல் கையை நீட்டுகிறான். “வா பவானி, வீட்டுக்குப் போகலாம்.” மழை கொட்டுகிறது. அவள் குடையை மெல்ல மடக்குகிறாள். மடக்கிவிட்டு அவனைப் பார்க்கிறாள் பார், அப்படி ஒரு பார்வை! ஹார்ன்!

என் ஈரக்குலையே பதறிவிட்டது. அவள் என்ன செய்தாள்? அதே நினைப்பில், ஒருத்தி தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டில் இன்று இரண்டு கையையும் மாற்றித் தைத்துவிட்டேன். அங்கே உனக்கு வீடியோ கேசட் வந்திருக்கும். முடிவை உடனே எழுது.

உன்
ஏலிக்குட்டி

மஸ்கட்
1 ஆகஸ்ட் 1986, வெள்ளி

அன்புள்ள ஏலிக்குட்டிக்கு,

சுகம்தான். சாப்பிட்டேன். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

இன்று எனக்கு விடுமுறை. அறையில் நாங்கள் ஐந்து நர்ஸுகள், ஒரு டி.வி., இரவல் வாங்கிய ஒரு வீடியோ பெட்டி. வீடியோ கடை கோயா ஒரு கேசட்டில் இரண்டு படத்தை அடைப்பதற்காகப் பாட்டையெல்லாம் வெட்டிவிடுகிறான். நாயகி வாயைத் திறக்கிறாள், அடுத்த நிமிஷம் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது. கேட்டால், “பாட்டு ரேடியோல கேட்டுக்கலாமே சிஸ்டர்” என்கிறான். நீ முடிவு இல்லாமல் பார்க்கிறாய், நான் பாட்டு இல்லாமல் பார்க்கிறேன். நம் இருவரையும் சேர்த்தால்தான் ஒரு முழு ரசிகை தேறுவாள்.

உன் பவானி என்ன செய்தாள் என்று கேட்டாய். மடக்கிய குடையால் அவன் நீட்டிய கையிலேயே ஒன்று போட்டாள். அவன் “அம்மா” என்று கையை உதறினான். “வீடு அக்கரையில இருக்கு. நீந்தி வா” என்றாள். அப்பாவின் தோணியில் ஏறித் தானே துடுப்புப் போட்டாள். அவன் இக்கரையில் மழையில் நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், சுபம்.

இப்போது உன் முறை. தோணியில் ஒரு பாட்டு வருமாமே? யார் பாடுவது, எங்கே வருகிறது, அவள் என்ன உடுத்தியிருந்தாள், ஜனங்கள் விசில் அடித்தார்களா, எல்லாம் எழுது. இங்கே விசில் அடிக்க ஆள் இல்லை. பக்கத்து அறைக்காரி தூங்குகிறாள் என்று சத்தத்தைக்கூடக் குறைத்துத்தான் வைக்கிறோம்.

விலாசினி

ஆனக்கல்மேடு
17 ஆகஸ்ட் 1986, ஞாயிறு

என் தங்க விலாசினிக்கு,

நீ மகராசியாக இருக்க வேண்டும்! உன் கடிதம் வியாழன் வந்தது. சனி வரைக்கும் மூச்சுவிடாமல் வைத்திருந்தேன். மத்தாயிக்குக்கூடச் சொல்லவில்லை. கட்டின புருஷன் என்று பார்த்தால் கதை முன்னாலேயே ஊருக்குள் போய்விடும்.

நேற்று சந்தை முடிந்து பஸ் ஏறினதும் கண்டக்டர் பாப்பச்சன் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, “சேச்சி, லெட்டர் வந்துச்சா?” என்றான். வந்ததடா என்று சொன்னேன். எல்லாரும் முன்னால் நெருங்கி வந்தார்கள். டிரைவர் தங்கப்பன் கியரைக்கூடச் சத்தமில்லாமல் போட்டார். ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். குடையடி விழுந்த இடத்தில் பெண்கள் எல்லாம் கைதட்டினார்கள். எப்போதும் தலைகுனிந்தே உட்கார்ந்திருக்கும் அன்னக்குட்டி எழுந்து நின்று, “இன்னொண்ணு போட்டிருக்கணும்!” என்று கத்தினாள். அவள் புருஷன் பக்கத்தில்தான் இருந்தான், ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டான். பாப்பச்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்சீட்டைக் காலி செய்து கொடுத்தான். இனி அது எனக்குத்தானாம். ராணி மாதிரி வந்து இறங்கினேன், போ!

இந்த வாரத்தில் ஏழு பேர் பவானி ஜாக்கெட்டுக்குத் துணி கொடுத்திருக்கிறார்கள். முழங்கைவரைக்கும் கை, ஓரத்தில் மெல்லிசாகக் கறுப்புப் பட்டை. தோணிப் பாட்டில் அவள் அதைத்தான் போட்டிருக்கிறாள்.

பாட்டைக் கேட்டாயே. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. முதலில் பாட்டே இல்லை, துடுப்புச் சத்தம் மட்டும். அப்புறம் தூரத்தில் ஒரு ஆண்குரல், ஆளைக் காட்டவில்லை. அவள் குடையைத் தோணியில் மல்லாத்தி வைத்து அதற்குள் மழைத்தண்ணீரைப் பிடிக்கிறாள், விளையாட்டாக. எட்டு வருஷத்தில் அவள் சிரிப்பது அங்கே மட்டும்தான். பெஞ்சு டிக்கெட்டில் எல்லாரும் விசில். நானும் அடித்தேன். மத்தாயி என்னைக் கிள்ளினார்.

உன்
ஏலி

ஆனக்கல்மேடு
26 ஆகஸ்ட் 1986

விலாசினிக்கு,

இந்தக் கடிதத்தில் அடியே கிடையாது, தங்கம் கிடையாது.

நேற்று முரிக்கடவில் குரியாக்கோஸ் மகள் கல்யாணம். பந்தியில் ஒரு வரிசை நாங்கள், எதிர்வரிசை முரிக்கடவுக்காரர்கள். இறைச்சி வறுவல் பரிமாறும்போது எங்கள் அவுசேப் சும்மா இருக்கமாட்டாமல், “என்ன இருந்தாலும் பவானி குடையால போட்டாளே ஒரு போடு!” என்றார். எதிரே லில்லி டைலர். கல்யாண ஜாக்கெட்டை நான் தைத்தேன் என்ற பொறாமை அவளுக்கு ஏற்கெனவே உண்டு. “எந்தப் படத்துல?” என்றாள். “கறுத்த குடைக்காரியிலதான்!” “அப்படி ஒரு சீனே இல்லையே.” “இருக்கு!” “நீங்க எங்கே பாத்தீங்க?” அவ்வளவுதான். எங்கள் வரிசை மொத்தமும் எச்சில் கையோடு எழுந்து நின்றது. “நாங்க பாத்தோம்! எங்க ரெண்டு கண்ணால பாத்தோம்!”

பார்த்தோமாம்! பஸ்ஸில் சொல்லிச் சொல்லி, எல்லாருக்கும் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. எனக்கும்தான். நான் புனிதர் கீவர்கீஸ் மேல் சத்தியம் செய்தேன், விலாசினி. அதுவும் சர்ச் வாசலில் போட்ட பந்தலில்!

ஜூபிலி டாக்கீஸ் ஆபரேட்டர் சதானந்தன் கடைசி இலையில் உட்கார்ந்திருந்தான். அவனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவன் தின்ற கையை நக்கிவிட்டுச் சாவதானமாகச் சொன்னான், “குடைய மடக்கி ஓரமா வச்சுட்டு அவன் கால்ல விழுவா. அப்புறம் அந்தப் பிள்ளைய இடுப்புல தூக்கிக்குவா. நாலு பேரும் ஒரே குடையில போவாங்க.”

முரிக்கடவு சிரித்தது பார், பந்தலே விழுந்திருக்கும். புரையேறி ஒருவருக்கு முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. “அரைப்படம் மீதிப் படத்தை வீட்டுலயே எடுத்துக்குதுடா!” என்கிறான் ஒருத்தன். பாயசம் வரும்வரைக்கும் எங்களில் ஒருவரும் இருக்கவில்லை.

பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. முன்சீட்டில் பாப்பச்சன் ஒரு பலாப்பழத்தை வைத்திருந்தான். பொய் ஏலி என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாருடையது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

சொல், எதெல்லாம் பொய்? முன்னே நீ முடிவு எழுதின ‘உப்புவண்டி’ படத்தில் அந்த டிரைவர் சாகவே இல்லையா? அவனுக்காக நான் இரண்டு நாள் சோறு இறங்காமல் அழுதேனே!

ஏலிக்குட்டி

மஸ்கட்
12 செப்டம்பர் 1986, வெள்ளி

ஏலிக்குட்டிக்கு,

உப்புவண்டி டிரைவர் செத்தான். அது நிஜம். நீ அழுதது வீண் போகவில்லை.

குடைக்காரி மட்டும்தான் என் கைவேலை. மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தாயானால் கேட்கமாட்டேன். எட்டு வருஷம் திரும்பிப் பார்க்காதவன் காலில் அவள் விழுந்தாள். அதற்குப் பின்னணியில் வீணை வாசித்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் டி.வி.யை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனோம். அந்த முடிவை உனக்கு எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. எழுதவேண்டியது என் வேலை என்றால் நான் நல்லதாகத்தான் எழுதுவேன். டைரக்டர் அன்னக்குட்டியைப் பஸ்ஸில் எழுந்து நிற்க வைத்தாரா? நான் வைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா போய், வீட்டையும் விற்ற பிறகு அந்த மலையிலிருந்து எனக்குக் கடிதம் போடுகிறவள் நீ ஒருத்தி. அதிலும் நாலு வரி கூட என்னைப் பற்றிக் கேட்பதில்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்திருந்தேன். அது உனக்குத் தெரியாது. முடிவைத் தெரிந்துகொள்ளத்தான் நீ எழுதுகிறாய். சப்பென்று ஒரு முடிவு அனுப்பினால் அடுத்த கடிதம் வருமோ வராதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதினதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

கடைசியாக ஒன்று. பஸ்ஸைத் திட்டுகிறாய், டாக்கீஸைத் திட்டுகிறாய், என்னைத் திட்டுகிறாய். அவன் ஹார்ன் அடித்தால் உங்கள் நாற்பது பேர் காலையும் யார் பிடித்துத் தூக்குகிறார்கள்? அடிக்கட்டுமே. கல்யாணப் பந்தியில் எழுந்திருக்கத் தெரிந்தவர்களுக்கு டாக்கீஸில் உட்கார்ந்திருக்கத் தெரியாதா? உனக்கு முடிவு வேண்டுமென்றால் உட்கார்ந்து பார்.

விலாசினி

ஆனக்கல்மேடு
5 அக்டோபர் 1986, ஞாயிறு

விலாசினிக்கு,

காய்ச்சல் எப்படி இருக்கிறது? யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள்? உண்மையைச் சொல், மெலிந்துவிட்டாயா? உன் கடிதத்தைப் படித்து முதலில் கிழிக்கப் போனேன். அப்புறம் தையல் மிஷின் மேல் தலையை வைத்து அழுதேன். அப்புறம் மறுபடி கோபம் வந்தது. மூன்றும் ஒரே மத்தியானத்தில்.

என்னிடம் வேறு ஏதாவது இருக்கிறதா, உனக்கு எழுத? மிளகு விலையை எழுதவா? சனிக்கிழமை படம் ஒன்றுதான் நம் இருவருக்கும் பொதுவாக மிச்சம் இருப்பது. அதனால்தான் அதை எழுதுகிறேன், மண்டு.

நீ கேட்ட கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. சும்மா இருக்கவில்லை நான். பஸ் முதலாளி அவராச்சன் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை மட்டும் கால்மணி நேரம் நிறுத்துங்கள் என்று கேட்டேன். “பெர்மிட்ல அஞ்சு மணின்னா அஞ்சு மணி. சினிமாவுக்காக வண்டிய நிறுத்தினா நாளைக்கு ஊரே சிரிக்கும்” என்றார். ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். டாக்கீஸ் மேனேஜரிடம் போனேன், ஆட்டத்தைச் சீக்கிரம் தொடங்கக் கேட்டேன். படப்பெட்டி பக்கத்து ஊர் டாக்கீஸிலிருந்து ஜீப்பில் வந்தால்தானே தொடங்க முடியும் என்று கையை விரித்தார்.

அதனால் இன்று குர்பானைப் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டேன். ஹார்ன் அடிக்கட்டும், ஒருத்தரும் எழுந்திருக்க வேண்டாம், நாற்பது பேரையும் விட்டுவிட்டுக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு அவன் எங்கே போவான் என்று. பொய் ஏலி பேச்சைக் கேட்பார்களா? “வண்டி போயிட்டா?” என்றார் அவுசேப். “நடப்போம்.” “ஆனை வந்தா?” “அதையும் படத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்.” யாரும் சிரிக்கவில்லை. மத்தாயியே, “நீ தையலைப் பாரு” என்றார். அன்னக்குட்டி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஒரு வீம்பு வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை ‘மேஸ்திரி குஞ்ஞப்பன்’ வருகிறது. நீங்கள் ஓடினால் ஓடுங்கள். நான் உட்கார்ந்திருப்பேன், படம் முடிந்து தனியாக நடந்து வருவேன், யானை மிதித்தால் என் மிஷினை விலாசினிக்கு அனுப்புங்கள் என்று.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து முதல் வேலையாக டார்ச் விளக்கைத்தான் தேடினேன். அந்தப் பாதையில் போன மழைக்காலத்தில் யானை ஒரு மாட்டை மிதித்துப் போட்டிருக்கிறது. எனக்கு முப்பத்தொன்பது வயது விலாசினி. இத்தனை வருஷம் சினிமா பைத்தியமாக இருந்துவிட்டு, திரையில் ‘சுபம்’ என்ற எழுத்து எப்படி விழும் என்றுகூட எனக்குத் தெரியாது. சாவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

ஏலி

மஸ்கட்
17 அக்டோபர் 1986, வெள்ளி

ஏலீ,

பைத்தியமா உனக்கு? நான் கோபத்தில் எழுதினேன். கோபத்தில் ஒருத்தி எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்வதா? அந்தப் பாதை எனக்கும் தெரியும். தனியாக நடக்கிற வேலை வேண்டாம். வேண்டுமானால் அன்றைக்கு முரிக்கடவில் யார் வீட்டிலாவது தங்கு. லில்லி வீட்டில் தங்கினாலும் பரவாயில்லை, செத்துவிட மாட்டாய்.

காய்ச்சல் போய்விட்டது. ஒரு தமிழ்க்கார சிஸ்டர் ரசம் வைத்துக் கொடுத்தாள். கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறேன், உன் ஜாக்கெட் எல்லாம் தொளதொளக்கிறது. நீ கேட்டாய் என்பதற்காக இந்தப் பத்தியை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்.

மேஸ்திரி குஞ்ஞப்பன் கேசட் கோயாவிடம் வந்துவிட்டது. மற்றவர்கள் இன்று ராத்திரி பார்க்கிறார்கள். நான் பார்க்கப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னொருத்தியின் டியூட்டியை வாங்கிக்கொண்டேன். நீ பார்க்கும் முன்னால் நான் பார்ப்பது சரியில்லை என்று தோன்றியது. ஏன் என்று கேட்காதே.

அந்தச் சனிக்கிழமை முழுக்க எனக்குக் கை ஓடாது. உடனே எழுது. நல்லதோ கெட்டதோ, உடனே.

விலாசினி

ஆனக்கல்மேடு
9 நவம்பர் 1986, ஞாயிறு

அடியே, அடியே, அடியே விலாசினி!

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

போன வாரத்துச் சனிக்கிழமை. சந்தையில் ஒருத்தரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்கீஸுக்குள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மத்தாயி உம்மென்று. படம் ஓடுகிறது. குஞ்ஞப்பன் ஒரு கொத்தனார், பாலம் கட்டுகிறவன். கல்குவாரி முதலாளி அவன் வீட்டைக் கொளுத்துகிறான், அவன் நாயை விஷம் வைத்துக் கொல்லுகிறான். அந்த நாய் செத்தபோது டாக்கீஸ் முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம். கடைசியில் பாதி கட்டின பாலத்தின் மேல் சண்டை. முதலாளி வழுக்கித் தொங்குகிறான். கீழே ஆறு. அவன் மணிக்கட்டு குஞ்ஞப்பன் கையில். விடுவானா, தூக்குவானா?

ஹார்ன்!

சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுந்துவிட்டேன். உட்கார்ந்திருப்பேன் என்று ஊரைக் கூட்டி வீரம் பேசினவள் நான். கால் தானாக எழுந்துவிட்டது. நான் மட்டுமில்லை, நாற்பது பேரும் கருவாட்டோடு பாதி எழுந்து, முழங்கால் மடங்கி, நிற்கவும் இல்லாமல் உட்காரவும் இல்லாமல் அந்தரத்தில்! இத்தனை வருஷப் பழக்கம்! பின்னாலிருந்து தயாராகக் கத்தினான்கள். “அரைப்படம் எந்திரிச்சாச்சு...”

அவன்கள் கத்தி முடிக்கவில்லை. எனக்கு முன்வரிசையில் ஒருத்தி தொப்பென்று உட்கார்ந்தாள். அன்னக்குட்டி! அவள் புருஷன் தோளைப் பிடித்து இழுத்தான். “வேணும்னா நீங்க போங்க. எனக்கு அவன் விடுறானா தூக்குறானான்னு தெரியணும்” என்றாள், டாக்கீஸுக்கே கேட்கும்படி. நான் உட்கார்ந்தேன். மத்தாயி என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், “கர்த்தாவே” என்று சொல்லி உட்கார்ந்தார். அப்புறம் அவுசேப். அப்புறம் ஒவ்வொருத்தராக, பெஞ்சு கிறீச்சென்று, கிறீச்சென்று. ஒருத்தர்கூட வெளியே போகவில்லை, விலாசினி. ஒருத்தர்கூட!

ஹார்ன் மறுபடி அடித்தது. நீளமாக. யாரும் அசையவில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது ஒரு முரிக்கடவுக்காரனே, “நிறுத்துடா, படம் பாக்க விடு!” என்று வெளியே பார்த்துக் கத்தினான். அப்புறம் சத்தமே இல்லை. வண்டி போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்தோம். இனி நடைதான், யானைதான். சரி, போ, பார்த்துவிடுவோம் என்று திரையை முறைத்துப் பார்த்தோம்.

முடிவு கேள். குஞ்ஞப்பன் அவனைத் தூக்குகிறான். தூக்கும்போது சட்டை கிழிகிறது. தோளில் ஒரு மச்சம். குஞ்ஞப்பன் தோளிலும் அதே மச்சம். “அப்பா!” “மகனே!” கட்டிக்கொள்கிறார்கள். வீட்டைக் கொளுத்தினவன்! நாயைக் கொன்றவன்! இன்ஸ்பெக்டர் சல்யூட் அடிக்கிறார். மூன்று பேரும் சிரிக்கிறார்கள். சுபம்.

இவ்வளவு கேவலமான ஒரு முடிவை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதாவது, பார்த்ததே இதுதான்.

அந்த ‘சுபம்’ தூரத்தில் சின்னதாகத் தொடங்கிப் பெரிதாகிக்கொண்டே வந்து திரையை நிறைக்கிறது, உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும். நான் அழுதுவிட்டேன். மச்சத்துக்காக இல்லை. விளக்கு போட்டார்கள். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விளக்கு போட்ட பிறகு டாக்கீஸ் எப்படி இருக்கும் என்றுகூட நாங்கள் பார்த்ததில்லை. மேலே சுவரில் இரண்டு மயில் வரைந்திருக்கிறார்கள்.

திரும்பினால், கதவுத் திரையை விலக்கிக்கொண்டு பாப்பச்சனும் டிரைவர் தங்கப்பனும் நிற்கிறார்கள்! பாப்பச்சன் கையில் டிக்கெட் கட்டு, வாய் திறந்தபடி. “கூப்பிடத்தான் சேச்சி வந்தேன். அவன் தொங்கிட்டிருந்தான். எப்படி விட்டுட்டுப் போறது?” தங்கப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “முன்னாடியே சொல்லியிருந்தா டிக்கெட் எடுத்து உக்காந்தே பாத்திருப்பேன்” என்றார். பாவம், அவர்கள் இருவரும் எங்களைவிட மோசம். வாரா வாரம் ஹார்ன் மட்டும்தான் அடித்திருக்கிறார்கள்.

வெளியே சாயாக்கடை வாசலில் லில்லி டைலர். “என்ன ஏலிக்குட்டி, முழுசாப் பாத்தாச்சா? படம் எப்படி?” என்றாள் நக்கலாக. நாங்கள் நாற்பது பேரும் ஒன்றாகச் சொன்னோம், “படு மோசம்!” சொல்லிவிட்டுச் சிரித்தோம் பார், சந்தையே திரும்பிப் பார்த்தது. கடைசியில் லில்லியே, “ஆமா, மோசம்தான்” என்றாள். முதல் தடவையாக அவளும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம்.

பஸ் மலை ஏறும் வழியெல்லாம் ரகளை, படத்துக்கு ஆளுக்கொரு முடிவு. அவுசேப் முதலாளியை ஆற்றில் போட்டார். பாப்பச்சன் நாயை உயிரோடு கொண்டுவந்து அவன்மேல் ஏவினான். அன்னக்குட்டி, “மச்சமும் இருக்கட்டும், அப்பனாவும் இருக்கட்டும், ஜெயிலுக்குப் போகட்டும்” என்றாள். அதுதான் எல்லாருக்கும் பிடித்தது. அப்போது பின்சீட்டிலிருந்து ஒருத்தர், “விலாசினி எழுதியிருந்தா இன்னும் நல்லா எழுதியிருப்பா” என்றார். பஸ் முழுக்க ஆமாம் என்றது. உன்னைத் திட்டின வாய்கள்தான். குடையடி முடிவுதான் சரியான முடிவு, டைரக்டருக்குத்தான் புத்தியில்லை என்று தீர்மானமே ஆகிவிட்டது. பலாப்பழம் எடுக்கப்பட்டது, முன்சீட் எனக்கே. ஆனால் நான் அன்னக்குட்டியை உட்காரச் சொன்னேன். உண்மையைச் சொல்ல வேண்டுமே, டாக்கீஸில் அவள் உட்கார்ந்திருக்காவிட்டால் நான் ஓடியிருப்பேன்.

அவராச்சன் முதலாளி திங்கட்கிழமை குதித்தார். பாப்பச்சன், “நாப்பது பேரையும் விட்டுட்டுக் காலி வண்டிய ஓட்டிட்டு வந்திருக்கணுமா முதலாளி?” என்று கேட்டிருக்கிறான். அப்புறம் முதலாளியே எங்கேயோ ஓடி யார் காலையோ பிடித்து பெர்மிட்டில் திருத்தம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நேற்று ஸ்டாண்டில் புதிதாகப் பெயிண்ட் அடித்து எழுதியிருக்கிறது, ஆனக்கல்மேடு, சனிக்கிழமை மட்டும் படம் விட்டதும். அதன் அடியில் நின்று நாங்கள் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். பிரிண்ட் வந்ததும் அனுப்புகிறேன். மத்தாயி கண்ணை மூடியிருப்பார், அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

நீ எப்போது லீவில் வருகிறாய்? வீட்டை விற்றுவிட்டோம், எங்கே தங்குவது என்று சாக்குச் சொல்லாதே. மிஷின் இருக்கிற அறையை ஒழித்து வைத்திருக்கிறேன், ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைத்துத் தருகிறேன். பாட்டும் முடிவுமாக ஒரு முழுப் படம் என்னோடு உட்கார்ந்து பார்.

கிறிஸ்துமஸுக்கு ‘வடக்கே போகும் தோணி’ வருகிறதாம். கேசட் உனக்கு முன்னாலேயே வந்துவிடும், எனக்குத் தெரியும். பார்த்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முடிவை மட்டும் எனக்கு எழுதினாயோ, உன்னோடு ஜென்மத்துக்கும் பேசமாட்டேன்.

உன்
ஏலிக்குட்டி